தோள் தந்த பாடம்

உடலுக்கும் ஒரு மொழி உண்டு. பசி என்றும் தாகம் என்றும் தூக்கம் என்றும் அது பேசினால் உடனே செவி சாய்க்கிறோம். வலி என்று பேசும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறோம். இளமைச் செருக்கும் உடன் சேர்ந்துவிட்டால் கூறவும் வேண்டுமோ? அவ்வாறு காதைப் பொத்திக்கொண்டு அல்லற்பட்ட ஒருவனின் கதை இது. அந்த ஒருவன் நான்தான்.

நம் கல்லூரி மைதானத்தின் ஓரத்திலுள்ள எடைப்பயிற்சி அறையை அறியாதவர் இலர். ஒரு நீண்ட இரும்புப் பார், துருவேறிய சில பிளேட்டுகள், ரெக்சின் கிழிந்த ஒரு பெஞ்ச், ரசம் போன ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் அதன் செல்வம். முதலாமாண்டில் நான் அங்கே நுழைந்தபோது என் எடை 51 கிலோ. என்.சி.சி. சீருடை என் உடம்பில் கொடியில் காயும் துணிபோல் தொங்கும். 'ஒட்டடைக் கம்பு' என்பது நண்பர்கள் எனக்கு அளித்த பட்டம்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் அன்று தூக்கிய எடை. ஓராண்டில் என் உடல் எடை 58 ஆயிற்று. பெஞ்ச் பிரஸில் 65 கிலோவை எட்டு முறை தூக்கினேன். நோட்டைப் புரட்டும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது. தேர்வு மதிப்பெண்கள்கூட எனக்கு அத்தகைய மகிழ்ச்சியைத் தந்ததில்லை!

இரண்டாமாண்டு ஜூலை மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. புதிதாகச் சேர்ந்த முதலாமாண்டு மாணவர்கள் நால்வர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் முன்னிலையில் 65 கிலோவா? 80 கிலோ மாட்டினேன். முதல் முறை எப்படியோ மேலே போய்விட்டது. கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. இரண்டாம் முறை முழங்கைகள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்தன. பார் பாதி வழியில் நின்றது. வலத் தோளின் முன்புறத்தில் ஈரத்துணி கிழிவது போன்ற ஓர் உணர்வு. நண்பன் பாய்ந்து வந்து பாரைப் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ!

வலியை யாரிடமும் சொல்லவில்லை. தைலத்தைத் தடவிக்கொண்டு மூன்று வாரம் தொடர்ந்து பயிற்சி செய்தேன். இரவில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. சட்டையின் வலக்கையை முதலில் மாட்டிக்கொண்டுதான் மற்றதை மாட்ட முடிந்தது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க இடக்கையையே நாடினேன். ஆனாலும் நோட்டில் எடையைக் குறைத்து எழுத மனம் வரவில்லை. என்னே என் பேதைமை!

ஆகஸ்ட் 15 அன்று குட்டு வெளிப்பட்டது. கொடியேற்றம் முடிந்து அணிவகுப்பில் வணக்கம் செலுத்தும் கட்டளை எழுந்தது. வலக்கை பாதி உயர்ந்தது, அதற்குமேல் எழவில்லை. வரிசையில் எல்லாக் கைகளும் ஒரே கோட்டில் நிற்க, என் முழங்கை மட்டும் ஒடிந்த கிளைபோல் கீழே தொங்கியது. உடற்கல்வி இயக்குநர் கண்டுகொண்டார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு, தம்பி?"

"ஒரு மாசமா சார்."

"ஒரு மாசமா பொய்யை எழுதியிருக்கே" என்றார் என் நோட்டைப் புரட்டிப் பார்த்து. அதில் ஓர் எண்ணும் பொய்யில்லை. ஆயினும் அவர் சொன்னது உண்மை.

அன்றிரவு வீட்டிலும் மறைக்க முடியவில்லை. என் தந்தையார் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி. 50 கிலோ அரிசி மூட்டைகளை நாளெல்லாம் சுமப்பவர். அவருடைய வலத் தோள் இடத் தோளைவிடச் சற்று இறங்கியிருக்கும். நான் சொன்னதைக் கேட்டு அவர் கோபிக்கவில்லை. "வலிச்சா இறக்கி வச்சிடு தம்பி. இறக்கி வைக்கிற வசதி உனக்கு இருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இருபது ஆண்டுகளாக அவர் தோளும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. வலிக்கிறதென்று அவர் ஒருநாள் இறக்கி வைத்தால் அன்று எங்கள் வீட்டில் அடுப்பெரியாது. நானோ கைதட்டலுக்காகத் தூக்கியவன்!

மறுநாள் அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, தசைநாண் முழுவதும் அறுந்துவிடவில்லை என்று கூறி என்னைப் பிசியோதெரபி பகுதிக்கு அனுப்பினார். அங்கிருந்த அம்மையார் தோளின் அமைப்பை விளக்கிய விதம் இன்றும் நினைவில் நிற்கிறது. இடுப்பு மூட்டு ஆட்டுக்கல்லின் குழிக்குள் குழவி இருப்பது போன்றது, ஆழமானது, எளிதில் நழுவாதது. தோள் மூட்டோ கரண்டியின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் போன்றது. குழி ஆழமில்லாததால்தான் கை எல்லாத் திசையிலும் சுழல்கிறது. அதே காரணத்தால்தான் எளிதில் கெடவும் செய்கிறது. அந்தப் பழம் நழுவாமல் நான்கு சிறிய தசைகள் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கண்ணாடியில் தெரியும் பெரிய தசைகளை வளர்த்த நான், கண்ணுக்குத் தெரியாத இந்த நால்வரை மறந்துவிட்டேன்!

கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறக்குறைய 60 பாகையிலிருந்து 120 பாகை வரை வலிப்பது இத்தகைய காயத்தில் அடிக்கடி காணப்படுவதாம். அணிவகுப்பு வணக்கத்தில் மேற்கை நிற்பது அந்த இடைவெளியின் நடுவில்தான். கை ஏன் எழவில்லை என்பது அப்போது விளங்கிற்று.

"அப்படின்னா பயிற்சியை விட்டுடணுமா, மேடம்?" என்று கலங்கிய குரலில் கேட்டேன்.

"விட்டா தசைநாண் இன்னும் பலவீனமாகும். அளவைக் குறைச்சுச் செய்யணும்" என்றார்.

முதல் இரண்டு வாரம் முழங்கையை மடக்கி, புறங்கையால் சுவரை அழுத்துவது மட்டுமே. கை அசையாது, தசை மட்டும் உழைக்கும். பிறகு பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, சன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து வெளிப்புறமாக இழுப்பது. பின்னர், தள்ளும் பயிற்சி ஒன்றுக்கு இழுக்கும் பயிற்சி இரண்டு என்ற கணக்கு. தண்டால்கூட முதலில் சுவரில், அடுத்து மேசை விளிம்பில், கடைசியில்தான் தரையில்.

பெஞ்சுக்குத் திரும்பிய நாள் அக்டோபரில் வந்தது. பிளேட் ஒன்றும் மாட்டாத வெறும் பார், 20 கிலோ. முழங்கைகள் மிகவும் கீழே இறங்காதபடி மார்பின்மேல் ஒரு போர்வையைச் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கைகள் விரியாமல் உடலோடு 45 பாகை அளவில் நிற்க வேண்டும். அன்று என் கைதட்டலுக்குக் காரணமான அதே முதலாமாண்டு மாணவர்கள் பக்கத்தில் 50 கிலோவைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் கறுத்துவிட்டது.

உடற்கல்வி இயக்குநர் அதைக் கவனித்துவிட்டார். மணிப்பூர் வீராங்கனை மீராபாய் சானுவின் வரலாற்றைச் சொன்னார். 2017-இல் உலக வாம்பியன் பட்டம் பெற்ற அவரைத் தோளும் முதுகும் தொல்லைப்படுத்தின. ஒலிம்பிக் நெருங்கும் வேளையில், 2020-இல், அமெரிக்கா சென்று தோளைச் சீர்செய்யும் பயிற்சியில் ஈடுபட்டார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் 119 கிலோவைத் தலைக்குமேல் உயர்த்தி உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு ஜூலையில் டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். "உலகத்தையே ஜெயிச்சவங்க உட்கார்ந்து தோளைச் சரி பண்ணிக்கிட்டாங்க. உனக்கென்னப்பா வெட்கம்?" என்றார் அவர். நான் தலை குனிந்து வெறும் பாரை எடுத்தேன்.

நோட்டில் இப்போது மூன்றாவது ஒரு பத்தி சேர்ந்தது. அதன் தலைப்பு 'வலி'. பூச்சியத்திலிருந்து 10 வரை மதிப்பெண். பயிற்சியின்போது 3-ஐத் தாண்டக் கூடாது. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் அடுத்த முறை எடையைக் குறைக்க வேண்டும். அம்மையார் எனக்கு விதித்த சட்டம் இதுதான். நவம்பரில் ஒருநாள் ஆசை மீறி 55 மாட்டினேன். அன்றிரவு மீண்டும் தூக்கம் போயிற்று. மறுநாள் காலை அந்தப் பத்தியில் 6 என்று எழுதியபோது கை கூசியது. ஆனால் எழுதினேன். அடுத்த பயிற்சியில் 35-க்கு இறங்கினேன். இந்த நோட்டு முழுவதிலும் நான் பெருமைப்படுவது அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான்.

இதனிடையே வீட்டில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. இரவில் நான் சன்னலோரம் நின்று டியூபை இழுப்பதைத் தந்தையார் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள், "அதைக் கொஞ்சம் குடு" என்று வாங்கி இழுத்தார். மறுநாளே அவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இன்று எங்கள் சன்னலில் இரண்டு டியூபுகள் தொங்குகின்றன. அவர் வலி தீர்ந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன். மூட்டை இருக்கும்வரை வலியும் இருக்கும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் மூட்டை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. ஒரு மூட்டைக்கு அளவு சொன்னார்கள்; ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை என்பதை அவருடைய கூலிதான் முடிவு செய்கிறது.

தோழர்களே! எனக்கு ஏற்ற பயிற்சி உங்களுக்கும் ஏற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கை மரத்துப்போனாலோ, அறவே எழாமற்போனாலோ, மூட்டு நழுவியது போலத் தோன்றினாலோ உடனே மருத்துவரை நாடுங்கள். தைலத்தை நம்பி என்னைப்போல் ஒரு மாதத்தைப் பாழாக்காதீர்கள்.

சென்ற ஜனவரி 26 அன்று மீண்டும் அணிவகுப்பில் நின்றேன். அப்போது என் பெஞ்ச் பிரஸ் 45 கிலோ. பழைய 65-க்கு இன்னும் வெகுதூரம். கட்டளை எழுந்தது. வலக்கை உயர்ந்து வரிசையின் கோட்டில் போய் நின்றது. வலி? 1 இருக்கும். மாலையில் வந்து அதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.