எண்ணெய் பிரியக் கூடாது

கோவில்பட்டிப் பக்கத்து வீடுகளில் குழம்பு ஆகிவிட்டதா என்று யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. சட்டியின் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். சிவப்பாக எண்ணெய் ஒதுங்கி நின்றால் இறக்கிவிடலாம். நிற்கவில்லையென்றால், விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாலும் சரி, இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டியதுதான். "எண்ணெய் பிரிஞ்சிருச்சா பாரு" என்று கிணற்றடியிலிருந்து அம்மா கேட்கும் குரலோடுதான் நான் சமையல் கற்றேன். எனக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான். பஃபலோவில் நான் முதன்முதலாகச் செய்த விங்ஸ் சாஸ் நாசமாய்ப் போனதும் அதனால்தான்.

பஃபலோ, நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது. நயாகரா பார்க்க வருகிறவர்கள் இதன் வழியாகத்தான் போவார்கள். பெரும்பாலும் நிற்காமல் போவார்கள். காரச் சாஸில் புரட்டிய கோழி இறக்கையை உலகமெல்லாம் 'பஃபலோ விங்ஸ்' என்கிறது. இந்த ஊரில் அது வெறும் 'விங்ஸ்'. திருநெல்வேலிக்காரர் கடையில் போய் 'திருநெல்வேலி அல்வா கால் கிலோ' என்று கேட்பாரா என்ன?

மெயின் ஸ்ட்ரீட்டில் ஆங்கர் பார் என்று ஒரு கடை. 1964இல் அங்கே தெரேசா பெல்லிசிமோ என்ற பெண்மணிதான் இதை முதலில் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. எப்படிச் செய்தார் என்பதில் குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கதை. ஸ்பகெட்டி சாஸுக்காகக் கோழியின் கழுத்தும் முதுகும் கேட்டிருந்தோம், தவறுதலாக இறக்கை வந்து இறங்கிவிட்டது என்பார் கணவர் ஃபிராங்க். இல்லை, அது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, கத்தோலிக்கர்கள் வெள்ளியன்று கறி சாப்பிடமாட்டார்கள், பன்னிரண்டு மணி தாண்டியதும் அவர்களுக்குக் கொடுக்க அம்மா செய்தது என்பார் மகன் டாமினிக். எனக்கு மகன் சொல்வதுதான் பிடித்திருக்கிறது. புரட்டாசி முடிந்த மறுநாள் காலையில் கறிக்கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவன் நான்.

மூன்றாவது ஆளும் உண்டு. ஜெஃபர்சன் அவென்யூவில் கடை வைத்திருந்த ஜான் யங் என்ற கறுப்பினத்தவர், 1960களில், இறக்கையை வெட்டாமல் முழுசாக மாவில் புரட்டிப் பொரித்து 'மம்போ சாஸ்' ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1980இல் கால்வின் ட்ரில்லின் என்ற எழுத்தாளர் இந்த வழக்கை விசாரித்து 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுதியபோது, நான்தான் முதல் ஆள் என்று யங்கும் அவரிடம் சொன்னார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. என்னைக் கேட்டால், கோழி இறக்கையை எண்ணெயில் போட ஒருவருக்குத் தனி மூளை வேண்டியதில்லை. சூப்புக்குப் போடும் துண்டு, ஒரு சாஸால் தட்டின் நடுவுக்கு வந்தது. கண்டுபிடிப்பு என்றால் அந்தச் சாஸ்தான்.

நான் அந்தச் சாஸைக் கடையில் புட்டியாக வாங்கி ஊற்றிக்கொண்டிருந்த ஆசாமி. வீட்டில் செய்யும் யோசனையே இருந்ததில்லை. 2014 நவம்பரில் பனி கொட்டியது. ஏரியிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று ஒரு பட்டையாக நின்று ஒரே இடத்தில் கொட்டும். பஃபலோவைச் சுற்றிச் சில இடங்களில் ஏழடி வரை விழுந்தது. அந்த வாரம் இங்கே நடக்கவேண்டிய பில்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்தையே டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பஃபலோவை ஒட்டிய சீக்டவாகாவில் எங்கள் தெருவில் வாசற்கதவைத் திறந்தால் எதிரே வெள்ளைச் சுவர். அதில் எங்கள் கதவின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. கார் எடுக்கத் தடை. ஃபிரீசரில் இரண்டு கிலோ இறக்கை இருந்தது. சாஸ் புட்டி காலி.

சரி, நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். விளாத்திகுளத்து வத்தல்தூள் ஊரிலிருந்து வந்தது இருந்தது. காபி மெஷின் கழுவ வைத்திருந்த வெள்ளை வினிகர் இருந்தது. வெண்ணெய் இருந்தது. வேறென்ன வேண்டும்? வினிகரில் தூளைக் கரைத்து, வெண்ணெயைப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டேன். கமறல் தாங்காமல் வீடே இருமியது. ஜன்னலைத் திறக்கலாமென்றால் அதற்கு வெளியேயும் பனி. புகை மணி அலறியது. பத்து நிமிடத்தில் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, செக்கச்செவேலென்று நின்றது. அப்போது எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

பொரித்த இறக்கைகளை அதில் போட்டுப் புரட்டினேன். இறக்கைமேல் எண்ணெய் மட்டும் ஏறிக்கொண்டது. வத்தல்தூளெல்லாம் பாத்திரத்தின் அடியில் செம்மண் சேறாகத் தங்கிவிட்டது. வாயில் வைத்தால் முதலில் பிசுபிசுப்பு, பிறகு வினிகரின் கோபம், அப்புறம் நறநற.

பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா போலந்து வம்சாவளி, எழுபதைத் தாண்டியவர். இரண்டு வீட்டுக்கும் இடையே முப்பதடிதான், ஆனால் அன்றைக்கு அதைக் கடக்க வழியில்லை. உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று விசாரிக்கப் போன் செய்தவரிடம் சாஸ் விஷயத்தைச் சொன்னேன். கொதிக்கவிட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. சிரிக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது. வெண்ணெயை அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போட வேண்டுமாம். எண்ணெய் பிரிந்து நின்றால் அதற்குப் பெயர் சாஸ் இல்லை, விபத்து என்றார். பாத்திரத்தை ஆறவிட்டு, ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீர் விட்டு விடாமல் அடித்துப் பார், சில சமயம் திரும்பிச் சேரும் என்றும் சொன்னார். சேர்ந்தது. அன்று பாதி ராத்திரியில் நாங்கள் சாப்பிட்டது அவ்வளவு மோசமில்லை.

யோசித்துப் பார்த்தால் இரண்டும் நியாயம்தான். நம் குழம்பில் எண்ணெய் பிரிகிறது என்றால், மசாலாவில் இருந்த தண்ணீர் வற்றி, பச்சை வாசனை போய்விட்டது என்று அர்த்தம். தண்ணீர் போனதும் எண்ணெய்க்கு ஒளிந்துகொள்ள இடமில்லை, வெளியே வருகிறது. விங்ஸ் சாஸில் காரியமே வேறு. வெண்ணெய் முழுக்கக் கொழுப்பில்லை. அமெரிக்கச் சட்டப்படி அதில் 80 சதவீதமாவது கொழுப்பு இருக்க வேண்டும், மீதி பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் பால்புரதம். சூடான, ஆனால் கொதிக்காத மிளகாய்ச் சாஸில் ஜில்லென்ற வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்தால், கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாக உடைந்து புளிப்பு நீருக்குள் தங்கும். பால்புரதம் துளிகளைச் சேரவிடாமல் காவல் நிற்கும். சாஸ் கெட்டிப்பட்டு, செங்கல் நிறத்திலிருந்து ஆரஞ்சுக்கு வெளுக்கும். அந்த வெளுப்புதான் பதம். கொதித்தால் காவல் போச்சு.

அரைக் கப் மிளகாய்ச் சாஸுக்கு ஒரு குச்சி வெண்ணெய், அதாவது 113 கிராம். காரம் வேண்டுகிறவர் வெண்ணெயைக் குறைத்துக்கொள்வார். துளிப் பூண்டுப்பொடி. பாட்டியம்மா வூஸ்டர்ஷர் சாஸ் நாலு சொட்டு விடச் சொல்வார். இதென்ன வெள்ளைக்காரச் சங்கதி என்று அலட்சியமாகப் புட்டியைத் திருப்பிப் படித்தேன்: புளி, நெத்திலி. எங்கள் ஊர்க் குழம்பே பாட்டிலில் அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது இது மட்டுமில்லை. மசாலா என்றால் முதலில் தடவி, ஊறவைத்து, பிறகு பொரிப்பது என்பதுதான் நமக்கு இயல்பு. சிக்கன் 65 அப்படித்தான். இங்கே இறக்கையை மாவுகூடத் தொடாமல் வெறுமனே பொரித்துவிட்டு, கடைசி நிமிடத்தில்தான் சாஸில் புரட்டுகிறார்கள். ஊறாத கறிக்கு என்ன ருசி வந்துவிடும் என்று ரொம்ப நாள் எனக்கு இளக்காரம். ஆனால் இறக்கையில் ஊறுவதற்குச் சதை எங்கே இருக்கிறது? பாதி எலும்பு, மீதியில் பாதி தோல். அதன் ருசி மேல்தோலில்தான் உட்கார வேண்டும். மசாலாவை முன்னாலேயே தடவினால் பொரியும்போது கருகும். சாஸைப் பின்னால் ஊற்றினால் மிளகாயும் புளிப்பும் பச்சையாகவே, துடிப்பாகவே இருக்கும். உப்பு மட்டும் முன்னால்.

தோல் மொறுமொறுப்பாக வர ஒரு வழி உண்டு. கிலோவுக்கு இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடரை உப்போடு கலந்து பிசறி, மூடாமல் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி காயவிட்டு, 220 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் அவனில் வைத்தால், பொரித்ததற்கு மிகவும் கிட்டத்தில் வரும். பேக்கிங் பவுடரின் காரத்தன்மை தோலைச் சீக்கிரம் சிவக்க வைக்கிறது. காரம் என்று நான் சொல்வது மிளகாயின் காரத்தை அல்ல, அமிலத்துக்கு எதிரான காரத்தை. தமிழில் இந்தத் தொல்லை ஒன்று. முதல் தடவை நான் பேக்கிங் பவுடருக்குப் பதில் ஆப்பச் சோடாவை எடுத்துப் போட்டேன். எல்லாம் சோடாதானே என்ற நினைப்பு. ஒன்றைக் கடித்துப் பார்த்த என் மனைவி, "துணிக்குப் போடுறதைப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

புரட்டுவதற்கு ஊரிலிருந்து கொண்டுவந்த வாயகன்ற எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. கரண்டி கூடாது, தோல் உரிந்துவிடும். இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்து, முன்னால் தள்ளி, மணிக்கட்டால் ஒரு சுண்டு. இறக்கைகள் எழும்பித் திரும்பி விழ வேண்டும். முறத்தில் அரிசி புடைக்கிற அதே கைதான். புடைக்கத் தெரிந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எனக்குத் தெரியாது, முதலில் நாலைந்து தரையில் விழுந்தன.

இப்போதெல்லாம் சாஸின் அடிப்படையையும் நானே போட்டுவிடுகிறேன். செப்டம்பரில் கிளின்டன்-பெய்லி சந்தைக்கு நீளமான கெய்ன் மிளகாய் வரும். நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து எடுப்பேன். ஒரு கிலோ மிளகாய்க்கு முப்பது கிராம் உப்பு. கரகரவென்று அரைத்துக் கண்ணாடி ஜாடியில் அமுக்கி, காற்றுப்படாமல் மேலே ஒரு கனம் வைத்து மூன்று வாரம். இரண்டாம் நாளே சிறு குமிழிகள் கிளம்பும். மூடியை அவ்வப்போது தளர்த்திவிடாவிட்டால் ஜாடி தானே வழி தேடிக்கொள்ளும். எங்கள் சமையலறைக் கூரையில் ஒரு செம்புள்ளி இன்னும் இருக்கிறது. மேலே மெல்லிய வெள்ளை ஏடு படிந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். பச்சையோ கறுப்போ பூத்தால் யோசிக்காமல் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். புளித்ததை வினிகரும் பூண்டும் சேர்த்து நைசாக அரைத்து வடிகட்டினால், புட்டிச் சாஸைத் தேடமாட்டீர்கள். வத்தல்தூளில் வராத ஒரு வழவழப்பும், மோர்மிளகாயைக் கடித்தால் வருமே, அந்த மாதிரி அடிப்புளிப்பும் இதில் வரும்.

வடிகட்டியில் தங்கும் சக்கையை நான் விடுவதில்லை. அவனில் மெல்லிய சூட்டில் காயவைத்து, உப்போடு பொடித்தால், சாஸ் வேண்டாதவர்களுக்கு அதுவே தூவும் பொடி. அட்லாண்டா பக்கம் எலுமிச்சை-மிளகு விங்ஸ் பிரபலம். எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் சீவிக் காயவைத்து, கொரகொரப்பாக இடித்த மிளகும் உப்பும் சேர்த்து, வெண்ணெய் தடவிய சூடான இறக்கைமேல் தூவிவிடுவது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தின் சரக்கு; போர்த்துக்கீசியர் மூலம் நமக்கு வந்தபோது நம்மிடம் இருந்த உறைப்பு மிளகுதான், அதன் பெயரையே புதிதாக வந்ததற்கும் வைத்துக்கொண்டோம். இவர்கள் எங்கள் மிளகை எடுத்துக்கொள்ள, நான் இவர்கள் மிளகாயை ஜாடியில் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடையில் அம்மா வந்திருந்தாள். நான் வெண்ணெயை அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பா, இன்னும் எண்ணெய் பிரியலையே. அதுக்குள்ள அடுப்பை அணைச்சிட்ட?"

"இதுல பிரியக் கூடாதும்மா."

"பிரியாட்டி பச்ச வாசம் அடிக்குமே."

"அடிக்கணும். அதான் ருசியே."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதது சம்மதத்தால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். செலரித் தண்டு, பூசணம் பூத்த சீஸில் செய்த வெள்ளைத் துவையல் எல்லாம் முறைப்படி. இந்த ஊரில் அந்தச் சீஸுக்குப் பதில் வேறெதையும் வைத்தால் மரியாதை போய்விடும். அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். பிறகு தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முப்பது இறக்கை இருக்கும்.

"மிச்சக் கோழியெல்லாம் எங்கப்பா?"

எங்கள் வீட்டில் கோழி அடித்தால் தொடை பிள்ளைகளுக்கு, ஈரல் அப்பாவுக்கு, நெஞ்சுக்கறி வந்தவர்களுக்கு. கழுத்தும் றெக்கையும் கடைசியாகச் சட்டியில் கிடக்கும், அவைதான் அம்மாவுடையவை. அத்தனை கோழியின் றெக்கை ஒரே தட்டில் அவள் முன்னால் இருந்தது. கடையில் இதை மட்டும் தனியாக விற்கிறார்கள் என்றேன். தொடையைவிட விலை அதிகம் என்றும் சொன்னேன். நம்பவில்லை.

ஆனால் எடுத்தாள். இரண்டெலும்புத் துண்டில் மெல்லிய எலும்பை நுனியில் பிடித்து ஒரு திருகு. சதை அப்படியே கழன்று வந்தது. நான் இத்தனை வருடமாக ஓரம் ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்த துண்டு அது. ஒன்பது சாப்பிட்டாள். பேரன் எண்ணிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அடுக்களையிலிருந்து கமறல் வந்தது. மீந்த சாஸை அம்மா இரும்புச் சட்டியில் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, தளதளவென்று கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து செக்கச்செவேலென்று நின்றது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்றாள். பாட்டியம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டேன். நாலாவது இட்லியும் போட்டுக்கொண்டேன்.