மினுக்குவதும் விட்டுவைப்பதும்

பாலிஷ் போடுவதென்றால் அழுக்கை எடுப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கூடவே உலோகமும் போகிறது. பஃப் சக்கரத்தில் சிலையைக் காட்டினால் பறக்கிற கறுப்புத் தூசியில் கறை கொஞ்சம், பித்தளை கொஞ்சம். ஒரு தடவைக்கு ஒன்றும் தெரியாது. நவராத்திரிக்கு நவராத்திரி பட்டறைக்கு வருகிற சிலையை உற்றுப் பார்த்தால் தெரியும். உளியால் கீறிய இமைக்கோடு முதலில் போகும். அப்புறம் விரல் நகம். அப்புறம் ஆரத்தின் மணிகள் இழைந்து ஒரே பட்டையாகிவிடும்.

"கண்ணாடி மாதிரி மின்னணும் அண்ணே" என்று சொல்லித்தான் சிலையைத் தருகிறார்கள். நான் முதலில் கேட்பது, இது எங்கே வாங்கியது என்று. கும்பகோணம் பக்கம் எல்லாச் சிலையையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. சுவாமிமலையில் மெழுகில் உருப்பிடித்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள். அதில் செம்புதான் பெரும்பங்கு. மொரதாபாத், அலிகாரிலிருந்து வரும் அலங்காரச் சிலைகள் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. அவற்றில் பலவற்றின் மேல் லாக்கர் பூச்சு இருக்கும். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே வெறும் முலாம். அதைத் தேய்க்கவே கூடாது.

லாக்கர் பூசிய சிலைக்கு ஈரத்துணி போதும். எங்காவது கீறல் விழுந்தால் அதன் வழியே காற்றும் ஈரமும் புகுந்து, பூச்சுக்கு அடியில் கறுப்பு நெளிநெளியாக ஓடும். அங்கே மட்டும் புளி போட்டுத் தேய்த்துப் பயனில்லை. தின்னர் வைத்துப் பூச்சு முழுவதையும் எடுத்த பிறகுதான் வேலை. மடிப்புகளில் தெரியும் கறுப்பையும் அவசரப்பட்டு அழுக்கென்று முடிவு கட்டாதீர்கள். ஆன்டிக் பினிஷ் சிலைகளில் உருவம் எடுப்பாகத் தெரிவதற்காக வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பு அது.

பூஜையில் இருக்கும் சிலைக்கு எதிரி எண்ணெய். விளக்கெண்ணெய்ப் பிசுக்கில் உள்ள கொழுப்பு அமிலம் செம்பைக் கரைத்து, பீடத்தின் இடுக்குகளில் பச்சை மெழுகுபோல உறைந்து நிற்கும். பிசுக்கு போகாமல் புளி உள்ளே இறங்காது. அதனால் முதலில் வெந்நீரும் சீயக்காய்த் தூளும். இடுக்குக்கு மூங்கில் குச்சியின் முனையில் சுற்றிய துணி. ஊசியும் கம்பி நாரும் வேண்டாம்.

அதன் பிறகுதான் புளி. கரைசலைத் தடவி, கறை இளகியதும் கழுவிவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, செம்பு மட்டும் மேலே நிற்கும். பித்தளையில் அங்கங்கே ரோஜா நிறத் திட்டு தெரிந்தால் காரணம் இதுதான். எலுமிச்சையோடு உப்புச் சேர்ப்பது அதைவிட மோசம். இடுக்கில் தங்கும் உப்பு உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் உலர்ந்த விபூதி: மெல்லத் தேய்க்கும், மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். உள்ளீடற்ற சிலையானால் தலைகீழாகக் கவிழ்த்து, அடித்துளை வழியாகத் தண்ணீர் முழுக்க வடியவிட்டு வெயிலில் வையுங்கள். சூடு இருக்கும்போதே துளி தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்துவிட்டால் கறுப்பு ஏறுவது தள்ளிப்போகும்.

சில சிலைகளை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். துடைத்த இடத்திலேயே வெளிர்பச்சைப் பொடி மறுபடி மறுபடி பூத்தால், உள்ளே குளோரைடு இறங்கிவிட்டது என்று பொருள். அது பட்டறை வேலை அல்ல. சென்னை அருங்காட்சியகத்தில் இதற்கென்றே வேதியியல் கூடம் 1930-இலேயே தொடங்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையென்று தோன்றினால், 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டத்தின்படி பதிவு செய்வதைப் பற்றி விசாரித்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அதன் மேல் படிந்த மங்கிய பழுப்பு அழுக்கல்ல. உலோகம் தன்னைக் காத்துக்கொள்ளப் போர்த்திய தோல்.

இப்படிச் சொன்னால் பிழைப்பு எப்படி நடக்கும் என்று பட்டறையில் கேட்பார்கள். நடக்கிறது. மினுங்குகிற சிலையைக் கேட்டு வருகிறவர்களிடம் விளக்கை, தாம்பாளத்தை, சொம்பை எத்தனை முறை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள் என்கிறேன். முகம் உள்ள பொருளுக்கு மட்டும் வருஷாவருஷம் என்னிடம் வேலை இல்லை. வாரம் ஒரு முறை உலர்ந்த பருத்தித் துணியால் நீங்களே துடைத்தால் போதும்.