பனிக்காட்டில் வேது பிடித்த மாலை

"நகையெல்லாம் கழற்றி வையுங்கோ அக்கா. உள்ளுக்குப் போனால் சுடும்" என்றாள் என் தங்கை.

காப்பைக் கழற்றினேன். தோட்டைக் கழற்றினேன். தாலிக்கொடியில் கை வைத்ததும் நின்றுவிட்டேன். கலியாணம் முடிந்து முப்பத்தாறு வருடங்களில் ஒரேயொரு தடவை, சத்திரசிகிச்சைக்காக மட்டுமே அதைக் கழற்றியிருக்கிறேன். குளிப்பதற்காக ஒருநாளும் இல்லை. வெளியே குளிர் மைனஸ் 23 பாகை. கதவுக்கு அப்பால் வெப்பம் 80 பாகை. முழங்கால் உயரப் பனிக்குள் நின்ற ஒரு மரக்குடிலின் உடுப்பு மாற்றும் அறையில் யோசித்தபடி நின்றேன். வீட்டுக்காரியான அந்த வயதான அம்மா என் கழுத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சிறிய துவாயொன்றைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கொடிக்கும் தோலுக்கும் இடையில் சுற்றிவிட்டார். பிரச்சினை தீர்ந்தது.

இது நடந்தது 2023 டிசம்பரில், பின்லாந்தின் வடக்கே ஈனாரி ஏரிக்கரையில். தங்கை 1998இல் அந்நாட்டுக்குப் போனவள். ரொவானியெமி நகரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், "இனி என்ன சாட்டு?" என்று கேட்டு ரிக்கற் அனுப்பினாள். ஹெல்சிங்கியில் இறங்கி, இரவு ரயிலில் பன்னிரண்டு மணிநேரம் பயணம் செய்து ரொவானியெமி போய்ச் சேர்ந்தேன். ஒரு வாரம் கழித்து, அவளோடு வேலை செய்யும் பெண்ணின் தாயார் எங்களை ஏரிக்கரைக் குடிலுக்கு அழைத்தார். வடக்கே இன்னும் சுமார் 325 கிலோமீற்றர். மகள் காரோட்ட, நாங்கள் நான்கு பெண்கள் மட்டும் போனோம். வழியில் கலைமான்கள் நடுவீதியில் நின்றன. ஹோர்ன் அடித்தாலும் எங்களூர் மாடுகளைப் போலவே அசையவில்லை.

டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் அளவு வரை ஈனாரியில் சூரியன் எழுவதில்லை. இந்தக் காலத்தை அவர்கள் 'காமோஸ்' என்கிறார்கள். நாள் முழுவதும் கும்மிருட்டாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. பதினொரு மணியளவில் அடிவானம் மெல்ல வெளுத்து, பனி முழுவதும் நீலம் போட்டுத் தோய்த்த வேட்டி போலாகிவிடுகிறது. இரண்டு மூன்று மணிநேரம் அந்த வெளிச்சம் இருக்கும். பிறகு மறுபடியும் இரவு. குடிலில் மின்சாரமும் இல்லை, குழாய்நீரும் இல்லை. உறைந்த ஏரியில் பலகை மூடி போட்டுக் காத்து வைத்திருந்த ஒரு துளையிலிருந்து வாளியால் மொண்டு வந்தோம். ஈனாரி ஏரிக்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வெள்ளை.

சவுனா என்றால் நீராவிக் குளியல் என்று நாம் சொல்லிவிடுகிறோம். பார்த்தால் குளியல் அதில் கடைசிப் பகுதிதான். வெள்ளைப் பட்டை கொண்ட பேர்ச் மர விறகை அடுப்பில் போட்டு ஒன்றரை மணிநேரம் எரிக்கிறார்கள். அடுப்பின் மேலே கற்கள் குவித்திருக்கும். பக்கத்துத் தொட்டியில் குளிப்பதற்கான தண்ணீர் கொதிக்கும். கற்கள் நன்றாகச் சூடேறியதும் உள்ளே போய், படிபடியாக அமைந்த மரவாங்குகளில் உட்கார வேண்டும். மேல்வாங்கில் வெக்கை அதிகம், கீழ்வாங்கில் குறைவு. ஒருவர் மர அகப்பையால் கற்கள்மேல் தண்ணீர் ஊற்றுவார். 'சீ' என்ற ஓசையோடு எழுகிற ஆவிக்கு அவர்கள் மொழியில் 'லோய்லு' என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பழைய காலத்தில் மூச்சு, உயிர் என்ற பொருள் இருந்ததாம். ஹங்கேரிய மொழியில் அதே வேரிலிருந்து வந்த சொல் இன்றைக்கும் ஆன்மாவைக் குறிக்கிறது.

ஏறக்குறைய 55 இலட்சம் பேர் வாழும் அந்நாட்டில் சுமார் 30 இலட்சம் சவுனாக்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள். மாடிக் குடியிருப்புகளில் இருக்கிறது, நாடாளுமன்றக் கட்டடத்திலும் இருக்கிறது. 2020இல் பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதயத்துக்கு நல்லது என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. 2015இல் வெளிவந்த பிரபலமான ஆய்வொன்றில் நடுத்தர வயதினர் 2,315 பேரைச் சுமார் இருபது வருடங்கள் கவனித்திருக்கிறார்கள். வாரத்தில் நான்கு தடவையோ அதற்கு மேலோ சவுனாவுக்குப் போனவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்ததாம். அத்தனை பேரும் ஆண்கள்! அதே குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் பெண்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். எனக்குப் பிரஷர் இருப்பதால் புறப்பட முன்னரே டொக்டரிடம் கேட்டுக்கொண்டேன். கீழ்வாங்கு, பத்து நிமிடம், பனித்தண்ணீரில் இறங்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

உடுப்பு விடயத்துக்கு வருகிறேன். வீட்டுச் சவுனாவில் அவர்கள் உடுப்பு அணிவதில்லை. குடும்பத்தினர் சேர்ந்து போவதுண்டு. மற்றப்படி பெண்கள் ஒரு முறை, ஆண்கள் ஒரு முறை. கோயிலில் இருப்பதுபோல் சவுனாவில் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். சத்தம் போடுவது, சண்டை பிடிப்பது, ஒருவரின் உடலைப் பார்த்துக் கதைப்பது எதுவும் அங்கே ஆகாது. இதையெல்லாம் தங்கை முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் நான் என் உள்பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் குறுக்குக் கட்டிக்கொண்டுதான் வந்தேன்.

"உதென்ன கோலம் அக்கா? கிணத்தடிக்கே போறியள்?" என்று தங்கை சிரித்தாள்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. எண்பது வயது. வயிற்றில் மடிப்பு, முழங்காலில் நீண்ட தழும்பு. தன் உடலைப் பற்றிய எந்த நினைவுமின்றி மேல்வாங்கில் ஏறி இருந்தார். மகள் அவருக்குப் பக்கத்தில். கொஞ்ச நேரத்தில், கட்டிய பாவாடையோடு இருந்த நான்தான் அந்த அறையில் வித்தியாசமாகத் தெரிவதாக எனக்கே பட்டது. இருந்தாலும் அவிழ்க்கவில்லை.

முதல் அகப்பைத் தண்ணீர் கல்லில் விழுந்தபோது ஒன்றும் தெரியவில்லை. மூன்று நான்கு விநாடி கழித்து ஆவி கூரையைத் தொட்டுத் திரும்பி வந்து, காதுமடலையும் தோளையும் பிடித்தது. மூக்கால் இழுத்த மூச்சு சுட்டது. எழும்பி ஓடிவிடலாமா என்று நினைத்தேன். இரண்டாவது அகப்பையில் உடம்பு தானாகவே தளர்ந்து கொடுத்தது. பேர்ச் இலைக் கொத்தொன்றை வெந்நீரில் ஊறவைத்து, அதனால் முதுகிலும் காலிலும் மெல்ல அடித்துக்கொண்டார்கள். 'விஹ்தா' என்று அதற்குப் பெயர். கோடை தொடங்கும்போது, இலை இளசாக இருக்கையில் ஒடித்துக் கட்டி, காயவைத்தோ குளிரூட்டியில் உறையவைத்தோ மாரிகாலத்துக்கு எடுத்து வைக்கிறார்கள். அது நனைந்ததும் எழுந்த பச்சிலை வாசத்தில் எனக்கு நொச்சியிலை நினைவு வந்தது. தடிமன் பிடித்தால் அம்மா பானையில் நொச்சி அவித்து, எங்கள் இருவரையும் ஒரே போர்வைக்குள் குந்தவைத்து ஆவி பிடிக்கவைப்பார். தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கும் அதே நினைவு என்று நினைக்கிறேன். ஆனால் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

பத்து நிமிடம் ஆனதும் வெளியே வந்தோம். மற்ற மூவரும் கம்பளிக் காலுறையை மட்டும் போட்டுக்கொண்டு ஏரிக்கு நடந்து, ஏணியைப் பிடித்து அந்தத் துளைக்குள் கழுத்துவரை இறங்கி ஏறினார்கள். நான் துவாயைப் போர்த்தியபடி வாசலில் நின்றேன். மைனஸ் 23 பாகையில் என் உடம்பிலிருந்து புகை எழுந்தது. ஐந்து நிமிடம்வரை குளிரவே இல்லை! தலைமயிர் மட்டும் ஈர்க்குப் போல விறைத்துவிட்டது. வானத்தில் வடக்குப் பக்கமாக ஒரு வெளிறிய கோடு தெரிந்தது. துருவ ஒளி என்று தங்கை காட்டினாள். பின்னிஷ் மொழியில் அதற்கு 'நரி நெருப்பு' என்று பொருள்படும் பெயர். ஒரு நரி வாலால் பனியைக் கூட்டும்போது பறக்கும் பொறிகள் என்பது பழங்கதை. படங்களில் வரும் பச்சைத் திரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். நான் கண்டது அடுப்படிப் புகைபோலத்தான் இருந்தது.

இரண்டாம் முறை உள்ளே போனபோது அந்த அம்மா கதைக்கத் தொடங்கினார். தங்கை தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவர் ரொவானியெமிப் பக்கத்துக் கிராமமொன்றில் 1943இல் பிறந்தது ஒரு சவுனாவில்தான். அக்காலத்து நாட்டுப்புறப் பெண்களுக்கு அதுவே பிரசவ அறை. இளஞ்சூடான இடம், வெந்நீர் பக்கத்திலேயே, புகை படிந்த சுவரில் கிருமியும் குறைவு, ஆண்கள் வரமாட்டார்கள். பிற்காலத்தில் அரசாங்கம் தாய்சேய் நிலையங்களை ஊர்தோறும் திறந்தது. 1938இல் வறிய தாய்மாருக்கெனத் தொடங்கிய குழந்தை உடுப்புப் பெட்டி, 1949இலிருந்து எல்லாத் தாய்மாருக்கும் கிடைத்தது. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

1944 இலையுதிர்காலத்தில் லப்லாந்து மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஒரு வயதுப் பிள்ளையான இவரைத் தூக்கிக்கொண்டு தாய் ஸ்வீடனுக்குப் போனார். பின்வாங்கிய ஜேர்மன் படை ரொவானியெமி உட்பட ஊர்களை எரித்துவிட்டுப் போனது. மறுவருடம் திரும்பி வந்தால் வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நின்றதாம். தகப்பன் முதலில் கட்டியது வீட்டையல்ல, சவுனாவை. ஒரு மாரி முழுவதும் அதற்குள்ளேயே சமைத்து, படுத்து, குளித்திருக்கிறார்கள். 1946இல் தம்பி அதற்குள் பிறந்தான். சில வருடம் கழித்துப் பாட்டி இறந்தபோது, அவரை அதே வாங்கில் கிடத்தித்தான் பெண்கள் கழுவினார்கள்.

"நீங்கள் திரும்பிப் போனபோது முதலில் என்ன செய்தீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். எங்கள் கதையைத் தங்கை எப்போதோ சொல்லியிருக்கிறாள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து வெளியேறி, மறுவருடம் நாங்கள் திரும்பினோம்.

"கிணறு இறைத்தோம்" என்றேன். தங்கை மொழிபெயர்த்ததும் அவர் தலையை ஆட்டி, கற்கள்மேல் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினார்.

பிறகு தாயும் மகளும் சூப் சூடாக்கப் போய்விட்டார்கள். விளக்கில்லாத அறை. அடுப்புக் கதவின் இடுக்கிலிருந்து வந்த சிவப்பு வெளிச்சம் மட்டும்தான். நானும் தங்கையும் ஒரே வாங்கில் இருந்தோம். முகம் தெரியவில்லை.

"அக்கா, அம்மாவை ஆர் குளிப்பாட்டினது?"

அம்மா இறந்தது 2008 டிசம்பரில். ஏ-9 பாதை மூடி இரண்டு வருடம் கடந்திருந்தது. தங்கைக்கு அப்போது எட்டு மாதம். விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தொலைபேசியில் அழுதாள், அவ்வளவுதான். 2012இல் பத்து நாள் ஊருக்கு வந்தாள். வீடு முழுக்கச் சனம். அப்போது அவள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. பதினைந்து வருடமாக அந்தக் கேள்வியை எங்கே வைத்திருந்தாளோ தெரியாது.

"நானும் பெரியம்மாவும் மாமியும்" என்றேன்.

"சுடுதண்ணியிலயோ?"

அம்மாவுக்கு இழுப்பு வருத்தம். கடைசி ஏழெட்டு வருடமும் வெந்நீர் இல்லாமல் குளித்ததில்லை. அதனால்தான் கேட்கிறாள் என்று விளங்கியது. ஓமென்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம்.

"கிணத்துத் தண்ணிதான். ஆனால் பெரியம்மா குசினிக்குப் போய் ஒரு செம்பு சுடுதண்ணி கொண்டுவந்து கலந்தவ. 'இவளுக்குக் குளிர் ஆகாது' எண்டு சொன்னவ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

அவள் அழுதாளா என்று தெரியாது. அங்கே எல்லோருடைய முகமும் நனைந்துதான் இருக்கும். நெடுநேரம் கழித்து, மகள் பிறந்து ஒரு மாதம் ஆனபோது இந்த அம்மாதான் தன்னைச் சவுனாவுக்குக் கூட்டிப்போய், முதுகில் வெந்நீர் வார்த்துவிட்டதாகச் சொன்னாள். ஊரில் என்றால் பாவட்டை இலை அவித்து அம்மா வேது குளிக்க வார்த்திருப்பார். எனக்கு வார்த்தார். அவளுக்கு வார்க்கக் கிடைக்கவில்லை.

"திரும்பு" என்றேன். தொட்டி வெந்நீரை வாளியில் எடுத்து, பனித்தண்ணீர் கலந்து, கையை விட்டுச் சூடு பார்த்து, அவள் முதுகில் வார்த்தேன். அப்போது பாவாடை எப்படியோ இடுப்புக்கு இறங்கியிருந்தது. கவனிக்கவில்லை.

வெளியே வந்தபோது மீன்சூப்பும் கறுப்பு றைப் பாணும் மேசையில் இருந்தன. அந்த அம்மா ஒரு ரோச் லைற்றுடன் மறுபடி சவுனாவுக்குப் போனார். எதற்கு என்று கேட்டேன். கடைசி ஆவியைச் சவுனாக் காவல் குள்ளனுக்கு விட்டு வைப்பது பழைய வழக்கமாம். நம்பிக்கையா என்றால் மகள் தோளைக் குலுக்குகிறாள். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஆவி வெளியே போகாமல் கதவை மெதுவாகச் சாத்தினார்.