கால் வீடுகளின் குறிச்சி

ஸ்பெயின் தேசத்தின் பார்சிலோனா நகரைக் காணச் செல்வோர், கௌடியின் பெருந் தேவாலயத்தை அண்ணாந்து நோக்கிக் கழுத்து நொந்தபின், கடற்காற்று வாங்குதற்குப் பார்சிலோனெத்தாவுக்கு வருதல் வழக்கம். மத்தியதரைக் கடலினுள் முக்கோணமாக நீண்டு கிடக்கும் மீனவர் குறிச்சி அது. 1714இல் நகரம் வீழ்ந்தபின், கோட்டை எழுப்புவதற்காக மனையிழந்த மக்களையும் மனத்திற் கொண்டு, 1753இல் இராணுவப் பொறியியலாளர் நூல் பிடித்தாற்போல் இதன் தெருக்களை வகுக்கலாயினர். அன்று கட்டிய சிறு மாடி வீடுகள் சனம் பெருகப் பெருகப் பாதியாகவும், பின்னர் காலாகவும் பிரிக்கப்பட்டன. 'கால் வீடு' என்பதே அவற்றுக்கு வழங்கும் பெயர். ஏறத்தாழ 30 சதுர மீற்றர்; அதனுள்ளே தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன.

இத்தெருக்களில் நடப்பவர் மேலே நோக்குதல் வேண்டும். உலரும் துணிகளுக்கிடையே மஞ்சளும் நீலமுமான குறிச்சிக் கொடிகள் தொங்கும். சுற்றுலா வீடு வேண்டாமெனக் கற்றலான் மொழியில் எழுதிய பதாகைகளும் தோன்றும். விருந்தினரை வெறுக்கும் மக்களோ இவர்கள் என ஐயுறுதல் இயல்பே.

கதையின் தொடக்கம் இனியதுதான். 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கொடுக்க இடர்ப்பட்ட இளைஞர் இருவர், காற்றடைத்த மெத்தைகளை விரித்து மாநாட்டுக்கு வந்தோருக்கு இடமளித்தனர். அடுத்த ஆண்டே அது எயார்பிஎன்பி என்னும் நிறுவனமாயிற்று. வெறுமையாகக் கிடக்கும் அறையைப் பகிர்ந்து இருவரும் பயன் பெறுவது நல்லதன்றோ? பகிர்வுப் பொருளாதாரம் என்று அறிஞர் பெயருஞ் சூட்டினர்.

ஆனால் பகிர்வதற்கு வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும். பார்சிலோனெத்தாவில் பல கால் வீடுகளில் வீட்டுக்காரரே இல்லை. திறப்பு மட்டுமே கைமாறுகிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை அயலார் மாறும் படிக்கட்டில், நள்ளிரவில் நோயுற்ற முதியவள் யாருடைய கதவைத் தட்டுவாள்? 2014 ஆகஸ்டில் உல்லாசப் பயணிகளின் நிர்வாணக் கூத்தைக் கண்டு குறிச்சி மக்கள் வீதிக்கு இறங்கினர். அவ்வாண்டே நகரசபை புதிய அனுமதிகளை நிறுத்தியது. 2016இல் அனுமதியற்ற வீடுகளை விளம்பரப்படுத்தியமைக்காக எயார்பிஎன்பிக்கு 6 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

இதில் ஒரு முரணுண்டு. 2021இல் நகரசபை, குடியிருப்போர் தம் வீட்டின் ஓர் அறையைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுவதையும் தடுத்தது. உண்மையாகப் பகிர்ந்தவளுக்குத் தடை. அனுமதி பெற்ற முழு வீட்டுக்காரருக்கோ தொழில் நடந்தது. இது நியாயமென நமக்குத் தோன்றவில்லை.

2024இல் மேயர் ஜௌமே கொல்போனி, பத்தாண்டுகளில் வாடகை 68 வீதம் உயர்ந்ததெனக் கூறி, 10,101 சுற்றுலா வீடுகளின் அனுமதிகளும் 2028 நவம்பருக்குமேல் புதுப்பிக்கப்படமாட்டா என அறிவித்தார். அடுத்த மாதம் ஆர்ப்பாட்டக்காரர் உல்லாசப் பயணிகள்மீது விளையாட்டுத் துப்பாக்கியால் நீர் பீய்ச்சினர். உணவருந்திக்கொண்டிருந்த பயணி செய்த குற்றம் என்னவோ, அறியோம். வீடு கட்டுதல் குறைந்தமையே வாடகை உயர்வின் மூலமென உரிமையாளர் வாதிட்டனர். எனினும், இத்திட்டத்துக்கு வழிவகுத்த கற்றலான் சட்டத்தை 2025 மார்ச்சில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்றது.

தவணை முடியும்வரை, அந்த ஒடுங்கிய படிக்கட்டுகளில் சில்லுப் பெட்டிகள் ஏறியிறங்கும் ஓசை கேட்டுக்கொண்டேயிருக்கும்.