ஒரு சோறு பதமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை வேதவாக்காக வைத்துக்கொண்டுதான் நாமெல்லாம் அடுப்பங்கரையில் காலம் தள்ளுகிறோம். அந்தப் பழமொழி பலிக்காத இடமும் ஒன்று உண்டு என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர் ஓர் அமெரிக்க அம்மாள். மான்டானா மாகாணத்தில், மிஸூலா என்ற ஊரில், என் பெண்ணின் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். அவர் காட்டியது சோற்றுப் பானையில் அல்ல, துப்பாக்கித் தோட்டாவில்!

"ஐயையோ, குடும்பப் பத்திரிகையில் துப்பாக்கியா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த ஊரில் தோட்டாவும் குடும்ப விஷயந்தான். நாம் மாசி பங்குனியில் வடாம் இட்டு வைத்துக்கொள்வதில்லையா? அதுபோல அங்கே பல வீடுகளில் குளிர்காலத்துக்கு மான் இறைச்சி சேர்த்து வைக்கிறார்கள். அக்டோபர் பிற்பாதியில் ஆரம்பித்து நவம்பர் கடைசி வரையில் ஐந்து வாரம் ரைஃபிள் வேட்டைக் காலம். சீட்டு வாங்கியவர்கள் போகலாம். ஒரு மான் கிடைத்தால் ஃப்ரீஸர் நிறைந்துவிடும். நானோ முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாதவள். 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு முதல் நவம்பர் முடிய அந்த ஊரில் இருந்தபோது, இந்த விவகாரத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்த வீட்டுக்காரருக்கு எழுபது வயது. தோட்டாவைக் கடையில் வாங்கமாட்டார். கார் ஷெட்டில் ஒரு மேஜை போட்டு, தாமே செய்துகொள்வார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எறியாமல் எடுத்து வந்து, கை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார். அடியில் பொறி தட்டும் சின்னஞ்சிறு மூடியைப் பொருத்துகிறார். அதற்குப் பிரைமர் என்று பெயர். பிறகு வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டை அமுக்குகிறார். அவ்வளவுதான் தோட்டா. ஆனால் அந்த நிறுவை இருக்கிறதே, அதைப் பார்த்தால் நம் தட்டார்கள் தோற்றார்கள்! கிரெயின் என்பது கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. அந்தக் கிரெயினிலும் பத்தில் ஒரு பங்கு பிசகக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுக்கிறார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. பேசினால் ஒரு கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்துவிடலாம். விழுந்தால் துப்பாக்கி மட்டுமல்ல, முகமும் போய்விடும். (நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர்களுக்குப் புதுப் பைத்தியம் பிடித்தால் நான் பொறுப்பல்ல.)

அந்த வருஷம் அவருக்கு ஒரு சங்கடம். அவர்களுடைய பெண் முழுகாமல் இருந்தாள். மான் இறைச்சி அவள் வீட்டுக்கும் போகும். வழக்கமான குண்டின் உள்ளே இருப்பது ஈயம். அது மானின் உடம்பில் பாய்ந்ததும், கண்ணுக்கே தெரியாத துணுக்குகளாகச் சிதறி இறைச்சியில் கலந்துவிடுகிறது. 2008-லேயே வடக்கு டகோட்டா மாகாணத்துச் சுகாதார இலாகா, ஈயக் குண்டால் வேட்டையாடிய இறைச்சியைக் கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. "இந்த வருஷம் தாமிரக் குண்டு. இல்லாவிட்டால் அந்த இறைச்சி என் வாசற்படி ஏறாது" என்று அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தாமிரம் ஈயத்தைவிட இலேசு. அதே எடைக்குத் தாமிரக் குண்டு நீளமாக இருக்கும். கூட்டுக்குள் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே பழைய மருந்து அளவு உதவாது. அந்தக் குண்டுக்கென்று அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து, குறைந்த அளவில் ஆரம்பித்து, சிறுகச் சிறுக ஏற்றிப் பார்க்கவேண்டும். இருபது வருஷமாகப் பழகின கைப்பக்குவம் அனைத்தும் ஒரே நாளில் வீண். பாவம், மனிதர் புதுப் பெண்டாட்டி சமைக்க வந்ததுபோல் திணறினார்.

செப்டம்பரில் ஒரு நாள் சுடும் மைதானத்திலிருந்து குதித்துக்கொண்டு வந்தார். நூறு கஜ தூரத்தில் மூன்று குண்டு சுட்டிருக்கிறார். காகிதத்தில் மூன்று ஓட்டையும் முக்கால் அங்குலத்துக்குள் அடங்கியிருந்தன. அதிலே ஒரு எட்டணா நாணயத்தை வைத்து மறைத்துவிடலாம் போலிருந்தது. எனக்கே பிரமிப்பாக இருந்தது. "முடிந்தது! இதுதான் இந்த வருஷத்துத் தோட்டா" என்றார்.

அந்த அம்மாள் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூன்று பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துவிட்டு வகுப்பே பாஸ் என்கிறீர்களே!" என்றார்.

அப்போது எனக்குச் சோற்றுப் பதம் ஞாபகம் வந்து, அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். பானையில் இருக்கும் சோறெல்லாம் ஒரே தண்ணீரில், ஒரே கொதியில் வேகிறது. அதனால் ஒரு பருக்கை மற்றப் பருக்கைகளுக்குச் சாட்சி சொல்லும். தோட்டா அப்படியல்ல. ஒவ்வொன்றும் ஒரு தனிப் பானை, தனி அடுப்பு. மூன்று குண்டு அடுத்தடுத்து விழுந்தது தோட்டாவின் யோக்கியதையாகவும் இருக்கலாம். அன்றைய அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அதே துப்பாக்கியில் அதே தோட்டாவைப் பத்துத் தடவை சுட்டால், ஓட்டைகளின் விரிவு மூன்று தடவை சுட்டதைவிடச் சராசரியில் ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகமாகத்தான் இருக்குமாம். தோட்டா கெட்டுப்போனதால் அல்ல. மூன்றே ஓட்டையில் அது தன் முழுச் சுபாவத்தையும் காட்டுவதில்லை! நம் பக்கத்தில் பெண் பார்க்க வந்த அரைமணி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் காட்டும் மரியாதையை நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் வேறு. ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் அவர் ஒரு பெண்மானைத் தூரத்திலிருந்து சுட்டுவிட்டார். அடிபட்டது, ஆனால் விழவில்லை. இருட்டும் வரையில் பனியில் இரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டே போனார், மறுநாளும் போனார். அகப்படவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம். "அவர் அதைப் பற்றிப் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். அதற்குப் பதிலாகத்தான் கணக்குப் போடுகிறேன்" என்றார். அன்றோடு என் முகச்சுளிப்புக் கொஞ்சம் குறைந்தது.

கணக்கு இதுதான். மானின் முன்னங்காலுக்குப் பின்னால், இருதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். குண்டு அதற்குள் போனால் மான் அதிக தூரம் ஓடாமல் சீக்கிரமே விழும். வெளியே போனால் சித்திரவதை. ஆகவே ஓட்டைகள் முக்கால் அங்குலமா, ஒன்றரை அங்குலமா என்பது பெரிய கேள்வியே அல்ல. குழல் சூடேறாத முதல் குண்டு, மேஜையில் மணல் மூட்டைமேல் சாய்த்துவைக்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சுடும் குண்டு, அந்த எட்டு அங்குலத்துக்குள் ஒவ்வொரு தடவையும் போகிறதா? எத்தனை கஜம் வரையில்?

முதலில் தோட்டாவை மட்டும் சோதித்தார்கள். பல நாட்கள் காலையில், குளிர்ந்த குழலில், ஒரே காகிதத்தில் சுட்டுப் பத்துக் குண்டு சேர்த்தார். விரிவு ஏறக்குறைய இரண்டு அங்குலம். எட்டணா நாணயம் காப்பித் தட்டாக வளர்ந்துவிட்டது! அவருக்கு முகம் தொங்கிப் போயிற்று. ஆனால் அந்த அம்மாளுக்குத் திருப்தி. நூறு கஜத்தில் இரண்டு அங்குலம் என்றால் இருநூறில் நான்கு, முந்நூறில் ஆறு. தோட்டாவின் தயவில் எட்டு அங்குலம் தாண்டாது. ஆனால் முந்நூறு கஜத்தில் வேறு பூதங்கள் இருக்கின்றன. அவருடைய ரைஃபிள், அமெரிக்க ராணுவம் 1906-ல் எடுத்துக்கொண்ட 'தர்ட்டி ஆட் சிக்ஸ்' ரகம். இருநூறு கஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், முந்நூறில் குண்டு ஏழெட்டு அங்குலம் தாழ்ந்துவிடும். தூரத்தைத் தப்பாக மதித்தால் போயிற்று. பக்கவாட்டுக் காற்று வேறு. எல்லாவற்றுக்கும் மேலே எழுபது வயதுக் கை.

இன்னொன்று. மிக நெருக்கமாக ஓட்டை போடும் குண்டுதான் வேட்டைக்கு நல்லது என்பதும் இல்லை. பந்தயத்துக்கென்று செய்த குண்டுகள் காகிதத்தில் அற்புதமாக விழும். மிருகத்தின் உடம்பில் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அவை செய்யப்படவில்லை. ஜான் நாஸ்லர் என்பவர் 1946-ல் கானடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பெரிய மூஸ் மானைச் சுட்டபோது, குண்டுகள் ஆழமாய்ப் போகாமல் சிதறிவிட்டன. அந்த மனக்குறையில் உள்ளே தடுப்புச் சுவர் வைத்த குண்டைக் கண்டுபிடித்து, 1948-ல் தொழிலே ஆரம்பித்துவிட்டார்.

பிறகு காகிதத் தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு அங்குல வட்டம். நூறு கஜத்தில் தரையில் உட்கார்ந்து பத்துக்குப் பத்து. இருநூறில் பத்துக்கு ஏழு. அத்துடன் இருநூறு தள்ளுபடி. நூற்றைம்பதில் பத்துக்குப் பத்து வந்ததும், "போதுமா?" என்றார்.

"போதாது. பத்தும் தவறாமல் விழுந்தாலும், நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து தவறக்கூடிய கைக்கும் அது சில சமயம் வாய்க்கும். முப்பது சுடுங்கள், அப்போது பத்தில் ஒன்றுக்குமேல் தவறாது என்றாவது ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்."

"முப்பது தோட்டாவா! பிரைமர் விற்கிற விலையில்!"

சண்டை இரண்டு நாள் நடந்தது. கடைசியில் முப்பதும் சுட்டார். இருபத்தொன்பது வட்டத்துக்குள்ளே. ஒன்று மட்டும் விரற்கடை வெளியே. "அது கணக்கில் சேராது, என் கை உதறிவிட்டது" என்றார்.

"அதை மானிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மாள்.

அதற்குப் பிறகு நடந்தது அசல் கொத்தவால்சாவடிப் பேரந்தான். அவர் நூற்றைம்பது என்றார். அவர் மனைவி நூறு என்றார். நூற்றிருபத்தைந்தில் படிந்தது. தோட்டா டப்பாவின்மேல் ஒரு காகிதம் ஒட்டி, குண்டின் எடை, மருந்தின் பெயர், தொகுப்பு எண், தேதி எல்லாம் எழுதி, அடியில் சிவப்பு மையில் 125 என்று போட்டார் அந்த அம்மாள்.

வேட்டைக் காலத்தில் முதல் மூன்று வாரமும் வெறுங்கையோடு வந்தார். ஒரு நாள் நல்ல கொம்புள்ள மான் ஒன்று இருநூற்றைம்பது கஜத்தில் கால் மணி நேரம் அசையாமல் நின்றதாம். துப்பாக்கியைத் தூக்கவே இல்லை என்றார். வீட்டில் யாரும் அதைப் பாராட்டவில்லை, சூப்பை நீட்டினார்கள். நவம்பர் நடுவில் பைன் மரங்களுக்கிடையே எழுபது கஜத்தில் ஒன்று கிடைத்தது. ஒரே குண்டு. இருபதடி கூடப் போகவில்லையாம். இறைச்சியில் பாதி பெண் வீட்டுக்குப் போயிற்று. எனக்கு ஆப்பிள் ஜாம் வந்தது.

மறு வருஷம் என் பெண் டெலிபோனில் சொன்னாள்: பேரன் பிறந்து தவழ்கிறானாம். பழைய மருந்து தீர்ந்து, அதே பெயரில் புது டப்பா வாங்கினாராம். ஆனால் தொகுப்பு எண் வேறு. கார் ஷெட்டிலிருந்து பழையபடி வாக்குவாதம் கேட்கிறது என்றாள். அடுத்த நாள் சாயங்காலம் அவர் ஒரு கட்டுக் காகிதத் தட்டோடு காரிலிருந்து இறங்கினாராம்.