உழைச்செல்வான்

மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியர் ஒருவரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது யாது என்பதை யாம் அறிந்தேயிருந்தோம். கல்லூரி அன்னைக்கு வாழ்த்துரைக்கலாம். பழைய அதிபர்தம் பெருமை பேசலாம். கந்தபுராண கலாசாரம் பற்றி நாலு பக்கம் எழுதலாம். இவற்றைச் செய்வார் இம்மலரிலே பலர் உளர். யாம் எழுதப் புகுந்ததோ ஒரு பொய்யைப் பற்றி. அஃது 1991ஆம் ஆண்டில், இக்கல்லூரியின் ஆறாம் வகுப்பிலே, எம் கையாலேயே எழுதப்பட்டது.

வகுப்பாசிரியர் படிவம் ஒன்று தந்தார். தந்தை பெயர், தாய் பெயர், அவர்தம் தொழில் என நிரைகள் இருந்தன. தந்தையார் தொழிலுக்கு நேரே ‘சங்கக்கடை மனேஜர்’ என்று தயங்காது எழுதினோம். தாயார் தொழிலுக்கு நேரே ‘அரசாங்க உத்தியோகம்’ என்று எழுதி நிறுத்திக்கொண்டோம். அது பொய்யன்று என வாதிப்பார் இருக்கலாம். அவர் சட்டம் படித்த பழைய மாணவராயிருப்பர். எம் அன்னையார் குடாநாட்டின் அரசினர் ஆஸ்பத்திரி ஒன்றிலே தாதியாயிருந்தார். அந்த ஒரு சொல்லை எழுத எம் கை கூசிற்று.

ஏன் கூசிற்று என்பதை இன்றைய மாணாக்கர்க்குச் சொல்லல் வேண்டும். இன்று தாதியாய்ப் பணிபுரியும் பெண்ணுக்கு இலண்டனிலும் கனடாவிலும் இருந்து சம்பந்தம் பேசி வருகின்றனர். அக்காலத்து நிலை வேறு. பிறர் உடம்பைத் தொடுவதும், மலசலம் எடுப்பதும், இரவிலே வீட்டை விட்டுப் போவதும் குடும்பப் பெண்ணுக்கு அடுக்காதன என எண்ணிய வீடுகள் எம்மூரிற் பல. எங்கள் அப்பம்மா, அன்னையார் கடமை முடிந்து வந்தால் கிணற்றடியில் முழுகிய பின்னரே அடுப்படிக்குள் விடுவார். மருமகளின் சம்பளத்தில் வந்த அரிசியை முழுகச் சொன்னதாக எமக்கு நினைவில்லை.

மானிப்பாயிலே 1848இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, தமிழிலேயே மருத்துவ நூல்களும் ஆக்கினார். இணுவிலில் 1898இல் பெண்களுக்கென ஆஸ்பத்திரி எழுந்தது. மருத்துவரை ஏற்க எம்மவர்க்கு நெடுங்காலம் செல்லவில்லை. தாதியர் பணியையோ சைவக் குடும்பங்கள் பல நெடுநாள் மிசன்காரர் வேலையென்றே விலகி நின்று பார்த்தன. மகன் டொக்டரானாற் பந்தலிட்டனர்; மகள் தாதியானால் அயலவர்க்குச் சொல்லாது விட்டனர். இருவரும் தொடுவது ஒரே உடம்பைத்தான்.

அன்னையாரின் இரவுக் கடமைகளை யாம் நன்கு அறிவோம். அறிந்தது வீட்டுப் பக்கத்திலிருந்து. 1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டிலே மின்சாரம் இல்லாது போயிற்று. மின்கலமும் பெற்றோலும் வர விடப்படவில்லை. மண்ணெண்ணெய் அளந்தளந்து கிடைத்தது. ஜாம் போத்தல் விளக்கிலே யாம் பாடம் படித்தோம். அத்தகையதொரு விளக்கை ஒரு கையிற் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊசி ஏற்றுவது எப்படி என்பதை அன்னையார் ஒருமுறை விளையாட்டாகச் செய்து காட்டினார். விளக்கைத் தூக்கிப் பிடிப்பதற்கு நோயாளரின் உறவினர் ஒருவரைத் துணைக்கழைப்பாராம். அவர் இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுந்தால் விளக்கையும் பார்க்க வேண்டும், அவரையும் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிச் சிரிப்பார். தாதியரைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும், 1854இல் துருக்கியின் ஸ்குட்டாரியிலே விளக்கேந்தி நடந்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரையே எடுத்துக்காட்டுவர். யாமும் பேச்சுப் போட்டியில் அவ்வம்மையாரைப் பற்றிப் பேசிப் பரிசு பெற்றோம். எம் வீட்டிலே மண்ணெண்ணெய் மணக்கும் சேலையுடன் நித்திரை கொண்டவரைப் பற்றிப் பேச எமக்குத் தோன்றவில்லை.

இன்னொரு நாள் உண்டு. 1987 ஒக்டோபர் 21, தீபாவளித் திருநாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியுள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில் நோயாளர் பலரும், மருத்துவரும் தாதியரும் சிற்றூழியருமாகப் பணியாளர் 21 பேரும் உயிரிழந்தனர். அன்னையார் அக்காலம் வேறோர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மாண்டோருட் சிலர் அவர் அறிந்தவர். ஊரடங்கு தளர்ந்த அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு கடமைக்குப் புறப்பட்டார். தந்தையார் படலையடியில் மறித்து நின்றார். “நோயாளர் அங்க இருக்கினமெல்லோ” என்றார் அன்னையார்; அதற்குமேல் ஒன்றும் சொன்னாரல்லர். எமக்கு அப்போது வயது ஏழு. படலை திறந்த ஓசை இன்றும் காதில் இருக்கிறது. அந்நாளைப் பற்றி அவர் எம்மிடம் ஒருபோதும் பேசியதில்லை. தீபாவளிக்குப் புதுச் சேலை உடுத்ததும் இல்லை.

தமிழாசிரியர் என்ற முறையில் இவ்விடத்தே ஒரு சொல்லாராய்ச்சி செய்ய அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். தமிழகத்தார் செவிலியர் என்பதை ஈழத்தவராகிய யாம் தாதியர் என்கிறோம். செவிலி அகத்துறை நூல்களிலே தலைவியை வளர்க்கும் தாய். தாதி என்பதும் வளர்ப்புத் தாயைக் குறித்த சொல்லே. இரண்டும் குழந்தையை ஏந்தும் பெண்ணையே சுட்டுவன. வள்ளுவரோ மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு ‘உழைச்செல்வான்’ என ஒருவனையும் நிரையில் வைத்தார். உழை என்பது பக்கம். பக்கத்தே நின்று செய்பவன் என்பது பொருள். மருத்துவன் வந்து பார்த்துப் போவான். மருந்து குப்பியில் இருக்கும். பக்கத்தே நிற்பவன் இவனே. நோயாளிபால் அன்பும், தூய்மையும், சொல்லியதைச் செய்து முடிக்கும் வன்மையும், அறிவும் இவனுக்கு வேண்டும் என உரைகாரர் விரிப்பர். மாணாக்கர் ஆண்டுதோறும் இச்சொல்லுக்கு ‘உழைத்துச் செல்பவன்’ எனப் பொருள் எழுதுகின்றனர். யாமும் ஆண்டுதோறும் புள்ளி குறைத்து வந்தோம். அண்மைக் காலமாக எம் சிவப்புப் பேனா அவ்விடத்திற் சற்றே தயங்குகிறது. அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், மாரி மழை ஓய்ந்த தை மாதத்திலே, எமக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியிற் கிடந்தோம். கட்டில் போதாமையாற் பாயிற் படுத்தவரும் இருந்தனர். இரவுக் கடமைக்கு வந்த ஆண் தாதியர் எம்மைக் கண்டதும், “சேர்!” என்றார். எம் பழைய மாணாக்கர், மூன்றாம் வாங்கிலிருந்தவர். எமக்கு அவர் பெயர் நினைவு வருமுன்னரே வேறொன்று நினைவு வந்தது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து முடித்தபின், தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க நற்சான்றிதழ் கேட்டு அவர் எம்மிடம் வந்திருந்தார். யாம் கையொப்பமிட்டுக்கொண்டே, “ஆம்பிளைப் பிள்ளைக்கு ஏனடா இந்த வேலை?” என்றோம். கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி பெற்று, மாணாக்கர் உளநூலில் நல்ல புள்ளியும் எடுத்தவர் யாம். ஒரு தாதியின் சம்பளத்தில் வளர்ந்தவரும் யாமே.

அவர் எம்மிடம் ஓர் அளவுச் சாடியைத் தந்து, குடிப்பதையும் கழிப்பதையும் அளந்து சொல்ல வேண்டுமென்றார். ஒருமுறை கூச்சத்தால் அளக்காது விட்டோம். வந்தது பாருங்கள் ஏச்சு! வகுப்பறையில் யாம் அவரை ஏசியதெல்லாம் ஒன்றுமில்லை. பின்பு கட்டிலருகே குனிந்து காரணம் சொன்னார். காய்ச்சல் விடும் வேளையிலேதான் டெங்கு கொடிது. குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசியும். உடம்புக்கு நீர் குறைந்தால் நாடி தளரும், மிகுந்தால் நுரையீரலில் நிறையும். ஒன்றிரண்டு நாட்களுக்கு அந்த அளவைத் தராசுபோற் பிடிக்க வேண்டும். “நீங்கள் ஊற்றிப்போட்டு வந்தால் நான் எதை சேர் எழுதுறது?” ஸ்குட்டாரி அம்மையார் விளக்கிலும் பார்க்கக் கணக்கிலேதான் பெரியவர் என்று பின்னர் ஒரு நூலிற் படித்தோம். படைவீரர் பலர் மாண்டது காயத்தாலன்று, நோயாலே என எண்களைக் கொண்டு காட்டியவர் அவர். எம் பேச்சுப் போட்டியில் அதனை விட்டுவிட்டோம்.

உறக்கமின்றிக் கிடந்தமையால் யாம் கண்டவை பல. இரவு பத்து மணிக்கு ஒருவர், தம் தகப்பனாருக்குக் கட்டில் கொடுக்கவில்லையென்று கைப்பேசியிற் படம் பிடித்துக்கொண்டே சத்தமிட்டார். கட்டில் செய்வது தாதியர் வேலையோ? பார்வையாளர் நேரம் முடிந்த பின்னரும் கஞ்சிப் போத்தலுடன் வந்த கூட்டத்தை வெளியே அனுப்பியதற்குக் கிடைத்தது வசை. ஒரு பதிவை மூன்று புத்தகத்தில் எழுதினார். உண்ணக் கொண்டுவந்த பிட்டுப் பொதி, அவிழ்த்தபடியே மேசையிற் காய்ந்தது. பின்னிரவிலே, படம் பிடித்த அதே மனிதர், “தம்பி, அப்பாவுக்கு மூச்சு எடுக்குது, ஒருக்கா வாரும்” என்று குழைந்தார். எம் மாணாக்கர் ஓடினார். முகத்தில் ஒரு கணக்குத் தீர்த்த பாவனையும் இல்லை. ஒட்சிசன் வைத்து, தலையை உயர்த்தி, டொக்டருக்குச் சொல்லி, விடியும்வரை நாலுமுறை போய்ப் பார்த்தார். காலையில் அப்பெரியவர் கண் விழித்துத் தேநீர் கேட்டார். தேநீர் கேட்ட குரலைக் கேட்டு அந்தப் பிள்ளை சுவரிற் சாய்ந்து நின்று சிரித்த சிரிப்பை, யாம் பரீட்சை முடிவு வந்த நாட்களிலேகூட எந்த மாணாக்கர் முகத்திலும் கண்டிலோம்.

எம் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை கூடத் தொடங்கிய அன்று, “ஏறுது சேர்” என்று துண்டைக் காட்டிப் போனார், தாமே ஏணி வைத்து ஏற்றியவர்போல. வீடு போகும் நாளில் அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்க நினைத்து, “தம்பி, உமக்கு நான் முந்தி ஒரு கதை சொன்னனான்…” என்று தொடங்கினோம். அதற்குள் அடுத்த வரிசையில் ஒருவர் வாந்தியெடுத்தார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். யாமும் வாகனம் வந்ததென்று எழுந்து வந்தோம். அச்சொல் இன்னும் எம்மிடமே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அன்னையாரிடம் எல்லாம் சொன்னோம். ஆறாம் வகுப்புப் படிவத்தையும் சேர்த்துச் சொன்னோம். அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள். படிவக் கதைக்கு ஒன்றும் சொன்னாரில்லை. வெற்றிலைத் தட்டைச் சற்று நகர்த்தி வைத்தார். நெடுநேரங் கழித்து,

“அந்தப் பெடியன் ஒவ்வொருத்தரையும் தொட முந்திக் கை கழுவினவனோ?” என்று கேட்டார்.

“ஓமம்மா, ஒவ்வொருமுறையும்.”

“அப்ப சரி” என்றார்.