அண்ணாச்சி அடைத்த கடன்

கோயில் கொடையில் நடந்த அடிதடி வழக்கு. தோவாளைப் பக்கத்துப் பையன், கொலை முயற்சிப் பிரிவில் ரிமாண்ட். அவன் வக்கீலாகத் தென்மாவட்டச் சிறை ஒன்றுக்கு மனு பார்க்கப் போனேன். உள்ளே யாரோ மிரட்டுவதாக அவன் அம்மா அழுதிருந்தார். புகார் எழுதி வாங்க வேண்டும்.

"எழுதாண்டாம் சார். அண்ணாச்சி பேசித் தீத்துட்டாவ" என்றான் பையன்.

போன அன்றே கைதிகள் சாதி கேட்டுத் தங்கள் கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். பிறகு வேறு கூட்டத்துக்காரனிடம் பீடிக்கடன். ஒருவன் கொடுக்காவிட்டால் அவன் கூட்டமே பதில் சொல்லியாக வேண்டும். அதனால் கூட்டத்தின் தலைவரான அண்ணாச்சியே கடனை அடைத்துவிட்டு, இவனைக் கண்டித்திருக்கிறார். கலிஃபோர்னியச் சிறைகளை ஆராய்ந்த டேவிட் ஸ்கார்பெக் காட்டுவதும் இதே ஏற்பாட்டைத்தான். அங்கே இனவாரிக் கும்பல்கள். உறுப்பினரின் கடனுக்கும் நடத்தைக்கும் கும்பல் பொறுப்பு. கைதிகள் பெருகி, ஒருவரையொருவர் அறியாத நிலை வந்தபோது அவை வளர்ந்தன என்கிறார் அவர்.

நம் பக்கத்தில் அரசும் இதற்கு இடம் கொடுத்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதை எதிர்த்த அருள் வழக்கில், மோதலைத் தவிர்க்கவே அப்படிச் செய்வதாக அரசு சொன்னது. 2014இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ஏற்றது. 2021 ஏப்ரலில் அதே சிறையில் ஒரு விசாரணைக் கைதியைச் சக கைதிகள் அடித்தே கொன்றார்கள். பிரித்து வைத்தால் அமைதி என்ற வாதத்தை நான் அதற்கு முன்பும் நம்பியதில்லை. அப்படி வரும் அமைதி தலைவர்களின் கையில் இருக்கிறது. வார்டர்களின் கையில் இல்லை. சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் மதுரைக் கிளையின் நிலைப்பாட்டை ஏற்க மறுத்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. காத்திருந்த தீர்ப்பு அது.

என் கட்சிக்காரனுக்கு அது வெகு தாமதம். உள்ளூர்க் காவல் நிலையத்தில் தினமும் கையெழுத்திடும் நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது. சில நாளில் அண்ணாச்சியின் ஆள் வீட்டுக்கு வந்தான்: "ஒருத்தர ரெண்டு நாள் ஒங்க வீட்டுல வச்சிக்கிடணும்." யார், எதற்கு என்று சொல்லவில்லை. கலிஃபோர்னியச் சிறைக் கும்பலான மெக்சிகன் மாஃபியா, வெளியே உள்ள தெருக் கும்பல்களிடம் வரி வாங்குவதும் இப்படித்தான்: என்றாவது உள்ளே வந்தால் எங்களிடம்தானே வரவேண்டும் என்ற பயம். இவன் வழக்கும் முடியவில்லை. தண்டனையானால் அதே சிறை.

நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டுத்தான் நாங்கள் மனு போடுவோம். நானோ, அவன் கையெழுத்திடும் ஊரை மதுரைக்கு மாற்றக் கேட்டேன். நீதிபதி வியப்போடு காரணம் கேட்டார். "வேலை கிடைத்திருக்கிறது" என்றேன். மதுரையில் ஒரு லாரி செட்டில் உண்மையாகவே பேசி வைத்திருந்தேன். மனு அனுமதிக்கப்பட்டது, அன்று இரவே அம்மாவும் மகனும் பஸ் ஏறினார்கள்.